இறுகிப்போன கவுன்

கவுனை வயிற்றுக்கு மேல் ஏற்ற நர்ஸ் படாதபாடு பட்டாள். இழுத்துப் பார்த்தாள், சுருட்டிப் பார்த்தாள். அது இடுப்பைக் கவ்விக்கொண்டு நகர மாட்டேன் என்றது. ஸ்கேன் கட்டிலில் படுத்திருந்தவளுக்கோ அதில் ஒரே பெருமை.

“போன மாசம் தொளதொளன்னு கிடந்துச்சு சிஸ்டர். இப்பப் பாருங்க, மூச்சு விட முடியல.”

நர்ஸ் சிரித்துக்கொண்டே முன்பக்கப் பொத்தான்களைக் கழற்றினாள். டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. வயிற்றின் மேல் கருவியை நகர்த்தினார், நிறுத்தினார், மறுபடியும் முதலிலிருந்து அளந்தார்.

“குழந்தை வளரலம்மா. போன ஸ்கேன்ல எப்படி இருந்துச்சோ கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கு. தொப்புள்கொடியில ரத்த ஓட்டமும் குறைஞ்சுபோச்சு. இன்னைக்கே ஆபரேஷன் பண்ணி எடுத்தாகணும்.”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “இன்னும் ரெண்டு மாசம் இருக்கே டாக்டர்?”

“உள்ளயே விட்டா அதுக்குச் சத்து போய்ச் சேராது. வெளிய எடுத்தா கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் போராடியாவது பார்க்கலாம். ரெண்டு வாரத்துல வாங்கன்னு சொன்னேனே, ஏன் வரல?”

“கவுன் இறுகிடுச்சு டாக்டர். அதான், குழந்தை வளந்துடுச்சுன்னு...” சொல்வது தன் காதிலேயே விழுந்தபோது பாதியில் நிறுத்தினாள். உடனே வீம்பு வந்துவிட்டது. “உங்க மெஷின்லதான் ஏதோ கோளாறு.”

டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

எல்லோரும் சேர்ந்து தன்னை ஏமாற்றிவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. “வயிறே தெரியலையே, நிஜமாவே மாசமா இருக்கியா?” என்று நாத்தனார் வரும்போதெல்லாம் குத்திக்காட்டியது போதாதென்று, இப்போது சொந்த உடம்பே காலை வாரிவிட்டது. வேளை தவறாமல் தின்று, சொன்ன மாத்திரையெல்லாம் விழுங்கி, இடதுபக்கமாகவே படுத்து எழுந்தும் அதற்கு நன்றி என்பதே இல்லை.

அவள் பக்கம் நின்றது ஒரே ஓர் ஆள், அவள் கணவர். தையல்காரர். ஆளைப் பார்த்தாலே இடுப்பளவைச் சொல்லிவிடுவார். பழகிய புதிதில் அவளுடைய அளவைச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

மாசமானதும் இரண்டு கவுன் தைத்துக் கொடுத்தவர், அவற்றைத் துவைக்கும் வேலையைக்கூட அவளுக்கு வைக்கவில்லை. தானே துவைத்து, கடைக்கு எடுத்துப் போய் இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து மாட்டுவார். நாத்தனார் வந்துபோன அன்று அழுதுகொண்டே படுப்பவள், அடுத்த முறை கவுனைப் போட்டுப் பார்த்துவிட்டு, “பாத்தீங்களா, இன்னும் கொஞ்சம் இறுகுது!” என்று அவர் முன்னால் வந்து நிற்பாள். அவர் தலையாட்டுவார்.

அதனால்தான் ஸ்கேன் நாள் வந்தபோது அவள் அலட்டிக்கொள்ளவில்லை. “கவுனே சொல்லுதே, மறுபடி அந்தக் கட்டில்ல போய் எதுக்குப் படுக்கணும்?” என்றாள். அவர் என்னமோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, “உன் இஷ்டம்,” என்று விட்டுவிட்டார்.

இன்று காலை போனில், “நேத்திலேர்ந்து குழந்தை அவ்வளவா உதைக்கல,” என்று அவள் போகிறபோக்கில் சொன்னதுதான் தாமதம், கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியோடு வந்து நின்றார். வழியெல்லாம் அவள் கையை விடவில்லை. இப்படி ஒருத்தர் இருக்கும்போது ஊர் என்ன பேசினால் என்ன என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்கியபடியே வந்தார். டாக்டர் சொன்னதையெல்லாம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். ‘எப்படி’ என்றோ ‘ஏன்’ என்றோ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“பொழைச்சுக்குமா டாக்டர்?”

“சொன்ன நேரத்துக்கு வந்திருந்தா இன்னும் கொஞ்சம் தைரியமாச் சொல்லியிருப்பேன்,” என்று சொல்லிவிட்டு டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குத் தயாராகப் போனார்.

அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “நீங்களாவது சொல்லுங்க. உங்க கையால தைச்ச கவுன். அது பொய் சொல்லுமா?”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

நர்ஸ் ஆஸ்பத்திரி அங்கியோடு வந்தாள். அவளை மெல்ல எழுப்பி உட்காரவைத்து அங்கியைப் போட்டுவிட்டாள். கழற்றிய கவுன் உட்புறம் வெளியே தெரியத் திரும்பிக் கிடந்தது. மடிக்க எடுத்தவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“என்னம்மா இது? மாசமா இருந்தா தையலைப் பிரிச்சுப் பெருசாக்குவாங்க. இங்க ரெண்டு பக்கமும் உள்ள தள்ளித் தள்ளிப் பிடிச்சுத் தைச்சிருக்கே?”

அவள் கவுனை வாங்கிப் பார்த்தாள். பழைய தையலுக்கு உள்ளே ஒரு தையல், அதற்கும் உள்ளே இன்னொன்று, கடைசியாகப் போட்ட நூலில் மெருகுகூடக் குலையவில்லை. கவுனையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

அவர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“எத்தனை தடவை?” என்றாள்.

“நீ அழுத ஒவ்வொரு தடவையும்.”