குழாயடிச் சண்டை

"கிட்ட வந்தா இந்தக் குடத்துத் தண்ணிய அப்படியே தலையில கொட்டிடுவேன்! யாரும் கையை நீட்டாதீங்க, சொல்லிட்டேன்!"

பச்சைச் சேலைக்காரி குடத்தைத் தூக்கிக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்து ஊசிக்காரர் இரண்டடி பின்வாங்கினார்.

சுகாதார இலாகாவில் அம்மை குத்தும் வேலை அவருக்கு. குடித்தனங்கள் நெருக்கியடித்து வாழும் அந்த நீள வீட்டின் முற்றத்தில் காலையிலேயே ஸ்டூலைப் போட்டு, ஸ்பிரிட் விளக்கை ஏற்றி வைத்து, தொண்டை வறளக் கத்திப் பார்த்தார். ஈ காக்கா கூட எட்டிப் பார்க்கவில்லை. கதவுகள்தான் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அடுத்த சந்தில் பெரியம்மை வந்து நாலைந்து பேரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அந்தச் சந்து ஜனமும் தண்ணீர் பிடிக்க இந்த முற்றத்துக் குழாய்க்குத்தான் வரும். நோய் இங்கே நுழைய எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஒருவர் பாக்கியில்லாமல் குத்தாமல் திரும்புவதில்லை என்று வைராக்கியத்தோடு வந்திருந்தார் மனுஷன்.

இப்போது குழாயடியில் சத்தம் கேட்டதும் சாத்திய கதவெல்லாம் தானாகத் திறந்துகொண்டன. ஊசி என்றால் ஒளிகிற ஜனம், சண்டை என்றால் இடுப்புப் பிள்ளையோடு ஓடிவந்து நிற்கும்.

"யாரு இது? பின்கட்டுல புதுசா குடி வந்தவங்களா?" என்றார் முன்னறையில் இருக்கும் மீசைத் தையல்காரர்.

"மாடி வீட்டுக்காரிக்கு உறவாம்" என்று யாரோ அடித்துவிட்டார்கள். "யாரா இருந்தா என்ன? கேக்குறது நியாயந்தானே!"

ஊசிக்காரர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "கோபப்படாதீங்கம்மா. என்ன பயம்னு சொல்லுங்க."

"பயமா? எனக்கா? ஓடியாடி விளையாடுற குழந்தைக்கு எதுக்குங்க ஊசி? நீங்க குத்திட்டுப் போயிடுவீங்க. காய்ச்சல் வந்து ராத்திரி பூரா அழுமே, அப்ப மடியில போட்டுக்கறது யாரு? நீங்களா?"

பெண்கள் பலமாகத் தலையாட்டினார்கள். அவர்கள் மனசில் இருந்ததையெல்லாம் புட்டுப் புட்டு வைத்துவிட்டாளே! இரண்டு இடுப்பிலும் பிள்ளை வைத்திருந்த இரட்டைக் குழந்தைக்காரி, "நல்லாக் கேளுங்கக்கா" என்று எடுத்துக் கொடுத்தாள்.

"காய்ச்சல் வரும். கை வீங்கும். இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார் ஊசிக்காரர். "ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும். பெரியம்மை வந்தா அப்படிச் சரியாகாதும்மா."

"எங்களுக்கெல்லாம் அது வராது. வீட்டைச் சுத்தமா வெச்சிருக்கோம்."

"சுத்தமான வீட்டுக்கும் வந்திருக்கு. நான் என் கண்ணால பார்த்தேன். கண்ணாடி மாதிரி துடைச்சு வெச்ச வீடு. மூணு வயசுப் பொண்ணு. அவ அம்மாவும் இதையேதான் சொன்னா, ஊசி வேணாம், குழந்தைக்குக் காய்ச்சல் வரும்னு..." அவர் பார்வையைக் குடத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். "கடைசியில அந்தக் குழந்தையோட முகத்தைப் பார்க்கக்கூட முடியலம்மா."

இரட்டைக் குழந்தைக்காரி இரண்டு பிள்ளைகளையும் இறுக்கிக்கொண்டாள்.

பச்சைச் சேலைக்காரி குடத்தை மெதுவாக இறக்கி வைத்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்த அம்மா கதி எதிரிக்கும் வேணாம்" என்று இடது கையை நீட்டினாள். "முதல்ல எனக்குக் குத்துங்க. நான் என்ன ஆகிறேன்னு பார்த்துட்டு மத்தவங்க வரட்டும்."

ஊசிக்காரர் அவளுடைய ரவிக்கைக் கைக்குக் கீழே ஒரு சொட்டு மருந்து விட்டார். ஊசியைத் தீயில் காட்டி ஆறவைத்து, அதன் மேல் வைத்துத் திருகினார். அவள் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

"அவ்வளவுதானா?" என்றார் தையல்காரர்.

"அவ்வளவுதான். வாங்க."

"நானா? நான் எதுக்கு... எனக்கெல்லாம்..."

"அவ்வளவு பெரிய மீசை வெச்சிருக்கீங்களே அண்ணா!" என்று பச்சைச் சேலைக்காரி ஒரு போடு போட்டாள். முற்றமே சிரித்தது. வேறு வழியில்லாமல் தையல்காரர் சட்டைக் கையைச் சுருட்டினார். அவருக்குப் பின்னால் இரட்டைக் குழந்தைகள், அவர்களுக்குப் பின்னால் மாடிக்காரர்கள் என்று வரிசை வாசலைத் தாண்டிப் போயிற்று. கட்டிலுக்கடியில் பதுங்கியிருந்த புருஷனை ஒருத்தி காதைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்தாள்.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. பச்சைச் சேலைக்காரி எப்போது போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை. ஊசிக்காரர் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினார்.

தெரு முனை திரும்பியதும், பூட்டிக்கிடந்த மரக்கடையின் நிழலில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் நடையை எட்டிப் போட்டார்.

"எல்லாருக்கும் போட்டாச்சாங்க?"

"ஒருத்தர் பாக்கியில்ல. நீ கையைக் காட்டு." ரவிக்கைக் கையை மேலே தள்ளிப் பார்த்தார். உள்ளே வரிசையாகக் குத்தின வடுக்கள், தெருவுக்கு ஒன்றாக. "இடமே இல்லையேடி! நாளைக்குக் குத்துற மாதிரி பாவ்லா பண்ணிடறேன்."

"வேணாங்க. ஒருத்தி உத்துப் பார்த்துட்டாப் போதும், தெருவே கதவைச் சாத்திடும். வலது கை இருக்குல்ல?"

அவள் எழுந்து அவரோடு நடந்தாள்.

"அப்ப பேச்சையாவது மாத்திக்கோ" என்றார் அவர். "தினம் தினம் அதை உன் வாயால கேட்க என்னால முடியல."

"வேற பேசினா ஜனங்க நம்ப மாட்டாங்க" என்றாள் மனைவி. "நம்ம பாப்பாவுக்குப் போட நீங்க பெட்டியைத் திறந்தப்ப நான் இதைத்தானே சொன்னேன்? அன்னைக்கு மட்டும் நீங்க என்கிட்ட தோத்துட்டீங்க."