வழியனுப்பும் காட்சி

அவள் காலரைத் திருப்பிவிட்டாள்.

தோல் ஜாக்கெட்டின் காலர். உள்பக்கம் கம்பளி வைத்தது. ஜாக்கெட் அவள் கணவருடையது. அதற்குள் நின்றவன்தான் வேறு ஒருவன்.

விங் கமாண்டர் ஞானதுரை மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்று முப்பது வருடம் ஆகிவிட்டது. போர் விமானம் ஓட்டிய நாட்களில் போட்ட ஜாக்கெட்டைப் படப்பிடிப்புக்கு இரவல் கொடுத்தவரும் அவரேதான். யாரும் வற்புறுத்தவில்லை. டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, நிழலில் உலர்த்தி, பெருமையாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

கதாநாயகனுக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

அதிலேயே அவருக்குப் பாதி எரிச்சல்.

உளுந்தூர்பேட்டையின் பழைய ஓடுதளம். காலை பத்து மணிக்கே தரை கொதித்தது. ஒட்டுப்பலகையில் செய்த விமானம் ஒன்று பின்னால் நின்றது. போருக்குப் புறப்படும் விமானியை மனைவி வழியனுப்பும் காட்சி.

வந்ததுமே இயக்குநரிடம் சொல்லிவிட்டார். மனைவிமார் ஓடுதளத்துப் பக்கம் வரமாட்டார்கள், வீட்டு கேட்டோடு சரி. இயக்குநர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நடிகையை ஓடுதளத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்.

நடிகைக்குச் சரியாக வரவில்லை. ஆறு முறை எடுத்தார்கள். ஆறு முறையும் அழுதாள்.

அப்போது இயக்குநர் கண்ணில் சலோமி பட்டாள். ஞானதுரையின் மனைவி. பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

“நீங்க சாரை எப்படிம்மா அனுப்பி வைப்பீங்க? இந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் செஞ்சு காட்டுங்களேன்.”

சலோமி அவரை அப்படி அனுப்பி வைத்ததே இல்லை.

கல்யாணமான மூன்றாவது வாரமே அவர் சொல்லிவிட்டார். கேட்டைத் தாண்டி வராதே. நீ நிற்பது கண்ணில் பட்டால் எனக்குக் கை ஓடாது. அங்கே இருந்த விமானிகள் எல்லாருமே வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. போர் நடந்த அந்த டிசம்பரிலும் பேசவில்லை. ஜீப் வரும். அவர் ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவார். ஜீப் திரும்பியதும் அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இதை இயக்குநரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எழுந்தாள். தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். வேடிக்கை பார்ப்பவர்களைத் தடுக்க நாற்காலிகளுக்கு முன்னால் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். எழுபத்து நான்கு வயதுக்காரி, முட்டிவலிக்காரி, அதைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே போனாள். யாரையும் கேட்கவில்லை.

காலரைத் திருப்பிவிட்டாள். ஜிப்பைப் பாதிவரை ஏற்றினாள். பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். தோளில் இல்லாத தூசியைத் தட்டினாள். பிறகு அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து லேசாகத் தள்ளினாள்.

போ, என்பது மாதிரி.

அவள் அழவில்லை. நடிகைதான் ஏழாவது முறையாக அழுதாள்.

ஞானதுரைக்கு வயிறு எரிந்தது.

பொறாமைதான். எண்பத்தொரு வயதில் இது வந்து தொலைக்க வேண்டுமா என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டும் அது குறையவில்லை. பையனுக்கு முப்பது இருக்கும். பேரன் வயது. பாவம், அவன் அசையாமல்தான் நின்றான்.

ஆனால் ஜிப்பை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எத்தனை தடவை மனதுக்குள் செய்து பார்த்திருப்பாள். அடுப்படியில் நின்று, தலைக்கு மேலே விமானச் சத்தம் ஓய்கிறவரை. தனக்கென்று அவள் ஐம்பத்து நான்கு வருடமாக வைத்திருந்தது. அதைக் கொண்டுபோய் ஒரு சினிமாக்காரனுக்குக் கொடுத்துவிட்டாள்.

எல்லாரும் கைதட்டினார்கள். பையன் குனிந்து அவள் காலைத் தொட்டான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் உட்கார்ந்து பார்க்கவேண்டியிருந்தது.

அவள் திரும்பி வந்து உட்காருவதற்குள் அவர் எழுந்துவிட்டார். நேராகக் கதாநாயகனிடம் போனார்.

“அதைக் கொஞ்சம் கழட்டு தம்பி.”

அவன் கழற்றினான். ஜாக்கெட் அவன் உடம்புச் சூட்டோடும் சென்ட் வாசனையோடும் வந்தது. முகம் சுளித்துக்கொண்டே மாட்டினார். ஒரு கை நுழைந்தது. மற்றதை நுழைக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தத் தொப்பைக்கு மேல் ஜிப் சேராது என்று பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

ஒட்டுப்பலகை விமானத்தின் அருகே போய்த் திரும்பி நின்றார்.

ஜிப்பைத் தொடவில்லை. கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

இயக்குநர் மட்டும் புரிந்துகொண்டு ஓடிவந்து சலோமிக்காகக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்.

அவள் கயிறுவரை வந்தாள். குனியவில்லை.

“அத்தான், நான் அங்க வரலாமா?”

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கடைக்குப் போய்வரட்டுமா என்று கேட்பது மாதிரி.

ஞானதுரை வாயைத் திறந்தார். கையைத்தான் நீட்ட முடிந்தது.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

வாயால் சொல்லட்டும் என்று அங்கேயே நின்றாள்.