பித்தவெடிப்பு

கூடையின் விளிம்பைத் தொட்டார். தூக்கவில்லை.

விடிந்துகொண்டிருந்தது. உள்ளறையில் மகள் யமுனா தூங்கிக்கொண்டிருந்தாள், அல்லது தூங்குவது போல் கிடந்தாள்.

கவிழ்த்திருந்த கூடைக்கு அடியில், தரையில் அரிசி மாவு. அவருடைய மனைவி பாமாவைக் கடைசியாகக் கிடத்தியிருந்த இடத்தில், அவருடைய அக்கா நேற்று மாலை சலித்துப் பரப்பி மூடிவிட்டுப் போனது. காரியம் முடிந்த மறுநாள் காலையில் திறந்து பார்ப்பார்கள். மாவில் பறவைக் கால் தெரிந்தால் போனவள் பறவையாகிவிட்டாள். குளம்பு தெரிந்தால் மாடு. சின்னப் பாதம் தெரிந்தால், வீட்டிலேயே ஒரு வயிற்றுக்கு வந்துவிட்டாள்.

யமுனாவுக்கு ஏழாம் மாதம்.

அம்மா போனதிலிருந்து அவள் சாப்பிடுவதே இல்லை. இரண்டு வாய் வைப்பாள், எழுந்துவிடுவாள். குழந்தைக்கு எடை ஏறவில்லை, இப்படியே போனால் ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அத்தை மாவு சலித்ததைப் பார்த்த பிறகுதான் அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. படுக்கப் போகும்போது கேட்டாள்.

"சின்னக் கால் தெரியும்லப்பா?"

அவர் விளக்கை அணைத்தார்.

கல்லூரியில் தத்துவம் நடத்தியவர் அவர். போன பிறவியின் நினைவே இல்லாமல் பிறக்கிறவனை எப்படி அதே ஆள் என்பது என்று கேட்டு, வகுப்பை வாயடைக்க வைப்பார். வீட்டில்தான் அது செல்லாது. தூங்கும்போது நாம் யார் என்பதே மறந்து கிடக்கிறோமே, காலையில் எழுந்திருப்பது வேறு ஆளா என்பாள் பாமா, காய் நறுக்கிக்கொண்டே. கல்யாணமான நாளிலிருந்து ஓடிய வழக்கு. தீர்ப்பு வருவதற்குள் ஒரு கட்சி போய்விட்டது.

இப்போது அவர் பொய்ச் சாட்சி தயாரிக்க வந்திருந்தார்.

வித்தை பாமாவுடையதுதான். கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜை அறை வரைக்கும் குட்டிப் பாதம் வைப்பாள். கையை இறுக மூடி, சுண்டுவிரல் பக்கத்தை மாவுக் கரைசலில் தோய்த்துத் தரையில் ஒற்றினால் பாதம். மேலே விரல் நுனியால் ஐந்து பொட்டு. அவளுடைய கண்ணனுக்கு மட்டும் குதிகாலில் ஒரு கோடு விழும். அவள் உள்ளங்கை ஓரத்தில் அரிவாள்மனை வெட்டிய தழும்பு.

உன் கண்ணனுக்குப் பித்தவெடிப்பா என்று வருஷா வருஷம் கேட்பார்.

எவ்வளவு தூரம் நடந்து வர்றான், வெடிக்காதா என்பாள், நிமிராமல்.

அவர் கையை மூடிக்கொண்டார். கூடையைத் தூக்கினார்.

பாதம் ஏற்கெனவே இருந்தது.

ஒன்றே ஒன்று. விரல்கள் ஐந்தும் சரியாக.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அக்கா முந்திக்கொண்டாள். ஆனால் அக்கா மாவு பரப்பிய கையோடு பஸ் ஏறிப் போய்விட்டாள். கூடைக்குப் பக்கத்திலேயே பாய் போட்டு, கண் மூடாமல் படுத்திருந்தவர் அவர். யமுனா அறையை விட்டு வெளியே வரவில்லை.

பிறகு குதிகாலைப் பார்த்தார்.

கோடு.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். பயம்தான். பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம் இருந்தது, அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

அவருக்குள் இருந்த பழைய வாத்தியார் மெல்ல விழித்துக்கொண்டார்.

இது குழந்தையின் கால் இல்லை. கை. பாமாவின் கை. மகள் ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்று, அவர் செய்ய வந்த அதே திருட்டுத்தனத்தை அவளும் செய்திருக்கிறாள். அப்படியானால் அவள் இங்கேதான் இருக்கிறாள். இங்கே இருக்கிறவள் அந்த வயிற்றில் இல்லை.

அங்கே இருப்பது வேறு யாரோ.

யமுனாவுக்கும் அந்தக் கோடு தெரியும். சின்ன வயதில் அம்மாவின் தழும்பைத் தடவிக்கொண்டேதான் தூங்குவாள். பார்த்தால் இது அம்மாவின் கை என்று கண்டுபிடித்துவிடுவாள்.

உள்ளே கட்டில் முனகியது.

அவர் விரல் நுனியால் கோட்டின் மேல் மாவைத் தள்ளி மூடினார். குதிகால் வழவழவென்று ஆனது. கூடையைக் கவிழ்த்தார்.

யமுனா வந்ததும் அவர்தான் திறந்து காட்டினார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க நம்புறீங்களாப்பா?"

"நம்புறேம்மா."

அதில் பொய் இல்லை. எதை நம்புகிறார் என்று அவள் கேட்கவில்லை.

தோசை ஊற்றிப் போட்டார். அவள் தட்டை விட்டு நிமிரவே இல்லை. இன்னொன்று கேட்டாள். அதையும் தின்றுவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு கால் நீட்டிப் படுத்தாள்.

மாவை அள்ளிக் கரைக்க வேண்டும். வைகையில் தண்ணீர் இருந்தால் வைகையில், இல்லாவிட்டால் வாளியில். முறத்தோடு வந்து உட்கார்ந்து கூடையை எடுத்தார்.

குதிகாலில் கோடு விழுந்திருந்தது.

மூடிய இடத்திலேயே. முன்னைவிட ஆழமாக.

பாதம் மகளுக்கு. இது அவருக்கு.

முறத்தைத் தள்ளி வைத்தார். நிமிரவில்லை. நிமிர்ந்தால் எதிரே யாரும் இல்லாமல் போய்விடுமோ என்று இருந்தது. குனிந்தபடியே, யமுனாவுக்குக் கேட்காத குரலில், வருஷா வருஷம் கேட்பதைக் கேட்டார்.

பதிலுக்குக் காத்திருந்தார்.