அத்தா கொடுத்த கார்

போலீசுக்குப் போன் செய்து எங்கள் காரைப் பிடித்துக் கொடுத்தது நான்தான். பிரேக் சரியாகப் பிடிக்காத அந்தக் காரை, சுரங்க லாரிகளுக்கு நடுவே என் கணவர் ஜமால் முகமது தினமும் ஓட்டிக்கொண்டு போனால் எனக்கு எப்படி நிம்மதி இருக்கும்? விற்கச் சொன்னால் மனம் உடைந்துபோவார். எங்கள் அத்தா மாப்பிள்ளைக்கென்று ஆசையாக வாங்கிக் கொடுத்த கார்.

ஆர்ச் கேட் அருகே எஸ்.ஐ. இளவழகன் கை காட்டினார். நான் ஒன்றும் தெரியாதவள்போல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்சூரன்ஸ்?"

"இல்லைங்க சார்."

"எஃப்.சி.?"

"அதுவும் முடிஞ்சிபோச்சுங்க. முன் டயர் வழுக்கையா இருக்கே, பாத்தீங்களா? ஹாரனும் அடிக்காது."

"வாயை வச்சிக்கினு சும்மா இருங்களேன்" என்று அவர் தொடையைக் கிள்ளினேன்.

அபராதம் போட்டு, காரையும் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார்கள். அவருக்கு ஆறுதலாக அன்று பிரியாணி ஆக்கினேன். மூன்று தட்டு சாப்பிட்டார். காரை மீட்கலாம் என்று அதன்பிறகு அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

போன மாதம் அவர் மவுத்தானார். துக்கம் கேட்க வந்த இளவழகன், சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் சிரித்துவிட்டார்.

"அன்னிக்கி உங்களுக்கு முன்னாடியே பாய் எனக்குப் போன் பண்ணிட்டாரும்மா. 'என் மாமனார் குடுத்த வண்டி சார், நான் வித்தா அவ அழுவா. நீங்களே பிடிச்சிக்கினு போயிடுங்க. குத்தம் பத்தலைன்னா நானே எடுத்துக் குடுக்கறேன்'னாரு."