கண் டாக்டரின் கையெழுத்து

கைபேசித் திரையில் செங்கற்கள் அடுக்கப்பட்டிருந்தன. நடுவில் இருக்கும் செங்கல்லை எத்தனை செங்கற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று சொல்ல வேண்டும்.

அர்ஷியா ஐந்து என்று தட்டினாள். சரி.

அடுத்த அடுக்கு வந்தது. அவளுடைய வலது கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உம்மா ஹமீது பீவி, அந்த முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். கால் நின்றது. கொஞ்ச நேரத்தில் இடது கால் ஆரம்பித்தது.

வண்ணார்பேட்டையில் இருந்த அந்தக் கண் மருத்துவமனைக்கு அவர்கள் வருவது இதுதான் முதல் தடவை. பழைய டாக்டரிடமே போகலாமே, அவருக்கு நம்மைத் தெரியுமே என்று மேலப்பாளையத்தில் ஆட்டோ ஏறும்போதே உம்மா சொன்னாள். அங்கே கூட்டம் நெரியும் என்றாள் அர்ஷியா. அப்படியென்றால் தனியாகப் போய்விட்டு வருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தாள்.

"ஏட்டி, ஆஸ்பத்திரிக்குத் துணையில்லாம யாரும் போவாவளா?" என்று உம்மா முதல் ஆளாக ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் திருவனந்தபுரத்தில், ரயிலில் உதவி ஓட்டுநர் வேலைக்கான கணினித் தேர்வு. ஐந்து சோதனைகள்; செங்கல் எண்ணுவது அதில் ஒன்று. ஒன்றில் சறுக்கினாலும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். வாசலில் உள்ளே விடுவதற்கே, பார்வையில் குறையில்லை என்று கண் டாக்டர் கையெழுத்துப் போட்ட சான்று வேண்டும்.

இதற்கு விண்ணப்பித்தபோது அர்ஷியாவுக்கு ரயில்மேல் ஆசையெல்லாம் கிடையாது. பெண் கேட்டு வருகிறவர்களிடம் சொல்ல ஒரு காரணம் வேண்டியிருந்தது. மற்ற தேர்வுகள் சீக்கிரம் முடிந்துவிடும். இது கட்டம் கட்டமாக இழுக்கும் என்றார்கள். எப்படியும் அவளுக்குக் கிடைக்கப்போகிற வேலை இல்லை. அதுவும் வசதியாகவே இருந்தது.

பரீட்சை முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று உம்மாவும் வந்தவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். கடையநல்லூர்க்காரர்கள் மட்டும் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டார்கள்.

பிறகு ஒருநாள் ஆற்றுப்பாலத்தில் பேருந்து நெரிசலில் நின்றது. அந்தப் பக்கத்து ரயில் பாலத்தில் நாகர்கோவில் வண்டி போனது. எஞ்சினின் சன்னலில் ஒரு தலை தெரிந்தது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் ஆறு எப்படி இருக்கும் என்று அர்ஷியா யோசித்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு அவளால் சாக்குக்காகப் படிக்க முடியவில்லை. சோறு பிசையும்போதும் செங்கற்கள் வந்து நின்றன. நேற்று கைபேசிப் பயிற்சியில் ஐந்து சோதனைகளிலும் தேறியபோது, சந்தோஷப்படாமல் உடனே மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் பிருந்தா சின்ன வயதுக்காரர். அர்ஷியா ஒவ்வொரு கண்ணாக மூடி, பலகையின் அடிவரை படித்தாள். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களைச் சொன்னாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளில் இப்படிப்பட்ட பார்வையை நான் பார்ப்பதே அபூர்வம் என்றபடி டாக்டர் தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

உம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எம் மவளுக்குக் கண்ணாடி இருந்துச்சு டாக்டர். பாக்க வாரவிய எல்லாம் மூஞ்சியச் சுழிச்சாவ. பொறவு எங்க பையன் சவுதியிலேருந்து அனுப்பின பணத்துல லேசர் வச்சு எடுத்துட்டோம்லா."

பேனா நின்றது.

கண்ணாடியைப் போக்க அறுவை செய்துகொண்டவர்கள் ரயில் ஓட்டக் கூடாது. விண்ணப்பித்த அன்றே அர்ஷியா அந்த விதியைப் படித்திருந்தாள். உம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுநாளே கடையநல்லூர்க்காரர்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியிருப்பார்கள்.

"யாருக்கும்மா? இவங்களுக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

"ராத்தாவுக்கு," என்றாள் அர்ஷியா.

உம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். சந்தையில் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தாள்.

ஹமீது பீவி முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஆமா டாக்டர், மூத்தவளுக்கு. இவ கண்ணு பொறந்ததுலேருந்தே நல்ல கண்ணு."

டாக்டர் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

ஹமீது பீவி பெற்ற பெண்பிள்ளை ஒன்றே ஒன்றுதான்.