அனுப்பாத மெயில்

கணினியில் செருகும் பழைய நெட்வொர்க் கார்டு ஒன்றுக்கான நிரலை இயங்குதளத்திலிருந்து நீக்குவது அவன் பொறுப்பு. அதற்குமுன், இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா என்று எல்லோருக்கும் மெயிலில் கேட்டு, ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

“கேட்டியாப்பா?” என்றாள் குழுத்தலைவி.

“கேட்டேன்க்கா. ஒருத்தரும் வாயே திறக்கல.”

கூசாமல் பொய் சொன்னான். ஒரு வரி மெயில். அதற்கே அவனுக்குச் சோம்பல்.

மதியம் அவளுக்கு ஒரு பதில் வந்தது. ‘நான் இருக்கிறேன். எடுத்துவிடாதீர்கள்.’ அதன் கீழே அவனுடைய கேள்வி, அவன் பெயரோடு, போன மாதத் தேதியில் இருந்தது.

“நல்லவேளை கேட்ட,” என்று எல்லோர் முன்னாலும் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

அவன் குனிந்த தலை நிமிரவில்லை. பாதி திறந்திருந்த மேசை இழுப்பறையில், எதிலும் செருகாமல் கிடந்த அதே ரகப் பழைய கார்டு ஒன்றின் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்குமுன் அதை முழங்காலால் தள்ளி மூடினான்.