வீட்டுக்கு ஒருவர்

மாலையை அவரே போய் வாங்கி வந்துவிட்டார்.

ரோஜா மாலை. நல்ல கனம். அவளுடைய அம்மாவுக்கு.

அதை முற்றத்து நாற்காலியில் வைத்துவிட்டு, மாசானம் சட்டை மாற்ற உள்ளே போனார். அவள் கணவனின் அண்ணன். அம்மா போய்விட்டாள் என்று காலையில் போன் வந்ததிலிருந்து வீட்டில் பேசுகிறவர் அவர் ஒருவர்தான்.

அவள் போகக் கூடாதாம். கணவனுக்குப் பதினாறு இன்னும் கழியவில்லையாம். துக்க வீட்டுக்காரி இன்னொரு துக்க வீட்டில் கால் வைத்தால் சாவு தொடருமாம்.

வீட்டுக்கு ஒருவர் தலையைக் காட்டினால் போதுமாம்.

அந்த ஒருவர் அவராம்.

செத்தது அவருடைய கூடப்பிறந்த தம்பி. அவருக்கு மட்டும் துக்கம் இல்லையா? அதைக் கேட்க அந்த வீட்டில் ஒரு வாய் இல்லை.

அம்மா உயிரோடு இருந்தபோது அவர் ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை.

படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவால் மருமகன் சாவுக்கு வர முடியவில்லை. பதினாறு முடிந்ததும் தன்னிடம் வந்துவிடும்படி போனில் சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவளுக்கு வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவனுக்கான அழுகையை அம்மா மடிக்கென்று வைத்திருந்தாள்.

இப்போது அந்த மடியும் இல்லை.

இனி யாரிடம் போய் அழுவது?



மாசானம் வெளியே வந்தபோது நாற்காலியில் மாலை இல்லை. வாசலில் நின்ற வாடகைக் காரில், மாலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

இறங்கச் சொன்னார். ஊர் என்ன பேசும் என்றார்.

“செத்தது எங்க அம்மா, அத்தான். வீட்டுக்கு ஒருத்தர் போதும்னா நீங்க இருங்க.”

டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வண்டியைக் கிளப்பினார்.

ஊர் எல்லையில் ஆற்றுப் பாலம். கீழே சுடுகாடு. பெண்கள் போகக் கூடாது என்று அவளை அன்றைக்குத் தெருமுனையோடு நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தச் சொன்னாள். அவனை எரித்தது எந்த இடம் என்று கேட்டாள். டிரைவரும் அன்று கூடப் போயிருந்தவர். கை நீட்டிக் காட்டினார்.

மாலையை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினாள்.

அம்மாவிடம் போய் அம்மாவுக்காக மட்டும் அழ வேண்டும்.